வாசகர் கேள்வி: பிபிசி மைக்ரோவில் ஓவிய வகுப்பு

கேள்வி: எங்கள் ஓவியக் கல்லூரிக்குப் பழைய பிபிசி மைக்ரோ மாடல் பி கணினிகள் இரண்டு வந்திருக்கின்றன. 1980களில் ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்தவையாம். முதலாண்டு வகுப்புக்குப் பயன்படுமா?
– விரிவுரையாளர், கும்பகோணம்

பதில்: தாராளமாக. ஆனால் ஸ்விட்சைப் போடுமுன் பவர் சப்ளையைக் கவனியுங்கள். மெயின் கரண்ட் நுழையும் இடத்தில் உள்ள எக்ஸ்2 வகை கெப்பாசிட்டர்கள் இரண்டும் (0.1, 0.01 மைக்ரோஃபாரட்) கீறல் விட்டு ஈரம் ஏறியிருக்கும், புகைந்து நாறும். மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

வகுப்புக்கு மோட் 1 என்ற திரை அமைப்பு போதும்: 320க்கு 256 புள்ளி, நான்கு நிறம். மோட் 2இல் எட்டு நிறம் உண்டே என்பார்கள் மாணவர்கள். அதில் புள்ளி இருமடங்கு அகலம், வளைகோடு படிக்கட்டாகிவிடும். நிறம் குறைந்தால்தான் யோசனை வரும் என்பது எங்கள் கட்சி.

முதலில் கிராஃப் தாளில் 40க்கு 32 கட்டத்தில் வரையட்டும். கட்டத்துக்கு 32 அலகு வைத்தால் திரையின் 1280க்கு 1024 சரியாக வரும் (இது புள்ளிக் கணக்கல்ல, வரையும் கட்டளைகளின் அலகு). கணக்கு இடது கீழ் மூலையில் தொடங்கும். உருவத்துக்குள் ஒரேயடியாக நிறம் நிரப்பும் கட்டளை இந்தக் கணினியின் பேசிக் நிரல்மொழியில் கிடையாது. முக்கோணம் முக்கோணமாகத்தான் நிரப்ப வேண்டும்: இரண்டு முனைகளுக்கு ‘மூவ்’ (வரையாமல் நகர்வது), மூன்றாவதற்கு ‘பிளாட் 85’ (மூன்றுக்கும் நடுவே நிரப்புவது). வட்டமென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் மையத்துக்கு ‘மூவ்’ வேண்டும். மறந்தால் விளிம்போரம் மட்டும் சில்லு சில்லாக நிரம்பி, நடு காலியாகக் கிடக்கும்.

படம் முடிந்ததும் நிறம் மாற்றும் கட்டளையான ‘விடியு 19,2,6,0,0,0’ கொடுத்துப் பாருங்கள் (2 மஞ்சளின் இடம், 6 சயான்). மஞ்சளெல்லாம் அக்கணமே சயான் ஆகும். எதையும் மறுபடி வரைய வேண்டியதில்லை. ஒரே படத்தைப் பத்து வண்ணச் சேர்க்கையில் பார்ப்பதுதான் இந்த இயந்திரத்தில் நடத்த வேண்டிய பாடம்.

கேள்வி: சேமித்த படத்தைத் திரும்ப எடுத்தால் நிறம் மாறி, இடமும் நகர்ந்து வருகிறதே?
– மாணவி, கோவை

பதில்: ‘*சேவ் மலர் 3000 8000’ என்பது (எண்கள் பதினாறடிமான முறையில் நினைவக முகவரிகள்) திரை நினைவகத்தை மட்டுமே எழுதும், விடியு 19இல் மாற்றிய நிறங்கள் அதில் சேராது. கட்டளையைத் திரையிலேயே தட்டினால் எழுத்து படத்தின் மேல் விழும். கடைசி வரியில் தட்டினால் திரை மேலே நகரும், படத்தின் தொடக்கமும் 3000ஐ விட்டு விலகும். சேவ் கட்டளையை வரையும் நிரலின் கடைசி வரியாக வையுங்கள். திரும்ப எடுக்கவும் தனி நிரல் வேண்டும்: முதலில் மோட் 1, பிறகு விடியு 19 வரிகள், கடைசியில் ‘*லோட்’. ஒரு படம் 20,480 பைட். 100 கிலோபைட் வட்டில் ஐந்து கொள்ளும்போல் தெரியும், வட்டின் கோப்புப் பட்டியலுக்கு 512 பைட் போவதால் நான்குதான்.