வாசகர் கேள்வி – பதில்: பிஸ்டலா, ரிவால்வரா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் நகை அடகுக் கடை நடத்துகிறேன். இரவில் பணத்துடன் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்ப வேண்டியிருப்பதால், கைத்துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்துப் பெற்றிருக்கிறேன். நாள்தோறும் உடன் வைத்துக்கொள்ள, இருப்பதிலேயே சிறியதும் எடை குறைந்ததுமான ஒன்றை வாங்க விரும்புகிறேன். நண்பர் பிஸ்டல்தான் நல்லது என்கிறார். வீட்டில் சிறு குழந்தைகள் இருவர் உள்ளனர். எதை வாங்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் சூழ்நிலைக்கு, சுழலும் உருளையில் தோட்டாக்களை வைக்கும் ரிவால்வரையே பரிந்துரைக்கிறேன், அதிலும் இருப்பதிலேயே எடை குறைந்ததைத் தேட வேண்டாம்.

இணையத்தில் பெரிதும் பேசப்படும் 9 மி.மீ. பிஸ்டல்கள் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை என்பதால், தனிநபர் உரிமம் பெற்றவர்களின் தேர்வு பெரும்பாலும் பாயின்ட் 32 என்ற தோட்டா அளவுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. இந்த அளவில் 2014இல் கான்பூரிலிருந்து வெளிவந்த ‘நிர்பீக்’ ரிவால்வர், டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆனது. எடை ஏறத்தாழ 500 கிராம். 2023இல் அறிமுகமான ‘பிரபல்’ ஏறத்தாழ 700 கிராம் எடையும் 76 மி.மீ. நீளக் குழலும் கொண்டது. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது முன்னதுதான் மனத்தைக் கவரும். ஆனால் ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் சுடும்போது பின்னுதைப்பு கூடுகிறது. கை வலிப்பதால் பயிற்சிக்குச் செல்வதே குறைந்துவிடுகிறது. குழல் குட்டையாக இருந்தால், குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளி சுருங்கி, விரலின் சிறு நடுக்கமும் இலக்கில் பெரிய விலகலாகிவிடும். ஆகவே, உங்கள் உள்ளங்கையில் முழுமையாகப் பதிந்து, ஆள்காட்டி விரலின் முன்கணு விசையை இயல்பாக எட்டுகிற அளவே உங்களுக்கு உரிய அளவு.

பிஸ்டல் தட்டையாக இருப்பதால் சட்டைக்குள் துருத்தாது. தோட்டாக்களை விரைவாக மாற்றலாம். முறையாகவும் இடைவிடாமலும் பயிற்சி செய்பவருக்கு அது நல்ல கருவிதான். ஆனால் தோட்டாக்கள் அடுக்கிய மேகசீனைக் கைப்பிடியிலிருந்து உருவிய பிறகும் அதன் குழலின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும் என்பதை, குழந்தைகள் உள்ள வீட்டில் ஒவ்வொரு இரவும் களைப்புடன் துப்பாக்கியைக் கழற்றி வைக்கப்போகும் நீங்கள் மிகுந்த கவனத்துடன் எண்ணிப் பார்க்க வேண்டும். காலியாகிவிட்டதென்று நம்பி விசையை இழுத்ததால் உயிர்கள் போயிருக்கின்றன. ரிவால்வரில் உருளையைத் திறந்தால் எல்லா அறைகளும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றாலும், விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். உருளை பக்கவாட்டில் திறக்கும் அமைப்பு ‘பிரபல்’ ரிவால்வரில் இருப்பது இந்தச் சோதனையை இன்னும் எளிதாக்குகிறது. தோட்டா வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: பாயின்ட் 32 ரிவால்வர் தோட்டாவும் பாயின்ட் 32 பிஸ்டல் தோட்டாவும் வெவ்வேறானவை, ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஒருபோதும் வாங்காதீர்கள்.

துப்பாக்கிக்குச் செலவிடும் அக்கறையை உறைக்கும் செலவிடுங்கள். விசைப் பகுதியை முழுவதும் மூடுகிற, இடுப்புவாரில் அசையாமல் நிற்கிற கெட்டியான உறை வேண்டும். வண்டியின் டேங்க் பையிலோ சீட்டுக்கு அடியிலோ வைப்பது கூடவே கூடாது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், உடலோடு சேர்ந்து, வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் எதிர்பார்ப்பு. வீட்டில் அதற்கென்றே பூட்டுள்ள இரும்புப் பெட்டி வாங்கி, தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி வையுங்கள். பீரோவின் மேல்தட்டு குழந்தைகளுக்கு எட்டாது என்று நம்பிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வண்டி ஓட்டும்போது உங்கள் இரு கைகளும் கைப்பிடியில் இருக்கும். பின்னாலிருந்து வந்து மோதி வீழ்த்துகிறவர்களிடம் இடுப்பில் உள்ள எந்தத் துப்பாக்கியும் பயன்படாது. தற்காப்பு உரிமையை வரையறுக்கும், நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், தேவைக்கு மேற்பட்ட தீங்கை அனுமதிப்பதில்லை. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவரின் முதுகில் சுட்டால், வழக்கில் நிற்கப்போவது நீங்கள்தான். எனவே விசையைத் தொடும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் இப்பிரிவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம். அந்த வாரங்களிலும் கடை நடக்கும், பணம் புழங்கும். ஆகவே பகலிலேயே வங்கியில் பணம் செலுத்துவது, இரவில் தனியாகச் செல்லாமல் இருப்பது, புறப்படும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொள்வது ஆகியவற்றைத் துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.