கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் குடியேறிய ஸ்காட்லாந்து முன்னோரை, வீட்டில் அரைகுறைத் தாள்களே இருக்கும்போது எப்படித் தேடுவது?

கேள்வியில் நீங்கள் தந்திருப்பது மூன்று விஷயம். குடும்ப பைபிளில் எட்டுப் பிள்ளைகளின் பெயர், 1871-ல் இறந்த டொனால்டு மெக்டொனால்டு என்பவரின் கல்லறை, அந்தக் கல்லில் "இன்வர்னஸ்ஷயரில் பிறந்தவர்" என்று ஒரு வரி. கணவர் வீட்டுக்காகத் தேடுகிறீர்கள் போலிருக்கிறது. அந்த வீட்டில் யாரோ ஏற்கெனவே ஸ்காட்லாந்து ஆவணத் தளத்தில் இந்தப் பெயரைத் தட்டிப் பார்த்து, திருவிழாக் கூட்டம் மாதிரி டொனால்டு மெக்டொனால்டுகள் வந்து நின்றதும் மூடிவைத்திருப்பார்கள். எல்லாரும் செய்கிற தப்புதான். பாரிஷ் பெயர், அதாவது அவர் எந்தத் தேவாலயத்தின் எல்லைக்குள் பிறந்தார் என்பது, கையில் கிடைக்கும்வரை கடல் தாண்டாதீர்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் கனடாவில்தான் கிடைக்கும்.

"முதலில் கப்பலைக் கண்டுபிடியுங்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கனடா பக்கம் வரிசையாகக் காக்கப்பட்ட பயணிகள் பட்டியல் கியூபெக் துறைமுகத்துக்கு 1865 முதல், ஹாலிஃபாக்ஸுக்கு 1881 முதல்தான். பிரிட்டனிலிருந்து கிளம்பியவர்களின் பட்டியல் 1890-லிருந்துதான் இருக்கிறது. 1773-ல் நோவா ஸ்கோஷியாவின் பிக்டூவுக்கு வந்த ஹெக்டர் கப்பலின் புகழ்பெற்ற பட்டியல்கூடப் பல ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டதுதான். 1820 வாக்கில் வந்தவருக்குக் கப்பல் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் அதனால் எதுவும் கெட்டுப்போகாது.

பைபிளிலிருந்து ஆரம்பிக்கலாம். பெயர்கள் எழுதிய தாளுக்கு முன்னால் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். அச்சான ஆண்டு 1860 என்று இருந்து, 1818-ல் பிறந்த பிள்ளை முதல் கடைசிப் பிள்ளைவரை ஒரே மை, ஒரே கையெழுத்து என்றால், யாரோ ஒரே நாளில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தேதிகளில் ஓரிரு வருடம் முன்பின் விட்டுத்தான் தேட வேண்டும். மை மாறி மாறி, எழுத்தும் வயதாகிக்கொண்டே வந்தால் அந்தத் தாளை நம்பலாம்.

கல்லறைக் கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், ஷேவிங் நுரையும் பூசாதீர்கள். நுரையில் இருக்கும் அமிலம் கல்லை அரிக்கும். வெறும் தண்ணீர் தெளித்து, ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி அடித்தால் தேய்ந்த எழுத்துக்கு நிழல் விழும், அப்போது படம் எடுங்கள். 1-ம் 7-ம், 3-ம் 8-ம் குழப்பும். "78-ஆம் ஆண்டில்" என்று செதுக்கியிருந்தால் முடிந்த வயது 77. கடைசி வரி புல்லுக்கு அடியில் புதைந்திருக்கிறதா என்று கையால் விலக்கிப் பாருங்கள். ஊர்ப்பெயர் பல கற்களில் அங்கேதான் இருக்கிறது.

இன்வர்னஸ்ஷயர் என்ற சொல்தான் பெரிய பொறி. இன்வர்னஸ் நகரத்தைச் சுற்றித் தேடி வருடக்கணக்கில் வீணடித்தவர்கள் உண்டு. அந்தக் காலத்து இன்வர்னஸ்ஷயர் மாவட்டத்தில் ஸ்கை, ஹாரிஸ், வட உயிஸ்ட், தென் உயிஸ்ட், பாரா தீவுகள் எல்லாம் அடங்கும். லூயிஸ் தீவு மட்டும் ராஸ்ஷயர், ஹாரிஸோ அதோடு ஒட்டிய ஒரே நிலம்! இன்னொரு வேடிக்கை, நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவிலேயே இன்வர்னஸ் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் ஆவணத்தில் "பிறந்த இடம் இன்வர்னஸ்" என்றால் அது கடலுக்கு இந்தப் பக்கமாகவும் இருக்கலாம்.

இந்தப் பரப்பைச் சுருக்க, குடும்பம் எந்தச் சபை என்று கேளுங்கள். கனடாவின் 1871 மக்கள்தொகைக் கணக்கில் மதத்துக்கு ஒரு பத்தி உண்டு. கத்தோலிக்கர் என்றால் தென் உயிஸ்ட், பாரா, மொய்டார்ட், அரிசெய்க், மோரார், நாய்டார்ட், ஸ்ட்ராத்கிளாஸ் என்று வட்டம் சட்டென்று சிறுத்துவிடும். பிரெஸ்பிட்டேரியன், அதாவது ஸ்காட்லாந்தின் புராட்டஸ்டன்ட் சபை என்றால் ஸ்கை, வட உயிஸ்ட், ஹாரிஸ் முன்னுக்கு வரும். இது நூற்றுக்கு நூறு விதி இல்லை. ஆனால் எங்கே முதலில் தோண்டுவது என்பதற்கு இதைவிட நல்ல கம்பு இல்லை.

அதே கணக்கெடுப்பின் பழைய பதிப்புகளில் ஏமாறாதீர்கள். நோவா ஸ்கோஷியாவில் 1851, 1861 கணக்குகள் குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதின, மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1901 கணக்கில் குடியேறிய ஆண்டு இருக்கிறது, ஆனால் டொனால்டு அதற்கு 30 வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்காட்லாந்திலேயே பிறந்து அவரோடு வந்த பிள்ளை எவரேனும் 1901-ல் உயிரோடு இருந்தால் மட்டும் பயன்படும்.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயம், அவர் 1871-ல் இறந்திருக்கிறார். நோவா ஸ்கோஷியாவில் பிறப்பு, இறப்புப் பதிவு 1864-ல் தொடங்கி 1877-ல் நின்று, மறுபடி 1908-ல்தான் வந்தது. நடுவில் வெற்றிடம். உங்கள் ஆள் அந்தப் பதின்மூன்று வருட ஜன்னலுக்குள் விழுகிறார். பதிவு இருந்தால் பிறந்த இடமும் பெற்றோர் பெயரும் கேட்ட பத்திகள் நிரம்பியிருக்க வாய்ப்பு உண்டு. மாகாண ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அவர் மட்டும் போதாது, எட்டுப் பிள்ளைகளின் திருமணப் பதிவையும் எடுங்கள், மணப்பதிவு 1864-க்குப் பிறகு நிற்கவில்லை. குடும்பம் கேப் பிரெட்டன் பக்கம் என்றால் 1787 முதல் 1843 வரையான நில விண்ணப்பங்கள் தனித் தொகுப்பாக உள்ளன. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன், மனைவி, இத்தனை பிள்ளை என்று நிலம் கேட்டவரே சொல்லியிருப்பார்.

அப்புறம் பக்கத்துக் கல்லறைகள். யாரும் செய்யாத வேலை இது. தீவுக்காரர்கள் தனியாக வரவில்லை, ஊரே பெயர்ந்து வந்து பக்கத்துப் பக்கத்து நிலத்தில் உட்கார்ந்தார்கள். டொனால்டின் கல்லில் மாவட்டப் பெயரோடு நின்றிருக்கும், நான்கு கல் தள்ளி இருக்கும் மெக்நீலின் கல்லில் "பாரா" என்று இருக்கும். சுற்றியுள்ள இருபது முப்பது கற்களைப் படமெடுத்து ஊர்ப்பெயர்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். ஒரே பாரிஷ் திரும்பத் திரும்ப வந்தால் அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

இப்போது பிள்ளைகளின் பெயர். தாத்தா பெயரைத் தாங்குபவன் பெயரன், அதுவே பேரன் ஆனது என்று நமக்குத் தெரியும். ஸ்காட்லாந்திலும் இதே கதைதான், வரிசையோடு. முதல் மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர், மூன்றாமவனுக்கு அப்பாவின் பெயர். முதல் மகளுக்கு அம்மா வழிப் பாட்டி, இரண்டாம் மகளுக்கு அப்பா வழிப் பாட்டி, மூன்றாவது மகளுக்கு அம்மாவின் பெயர். ஆகவே பைபிளில் பையன்கள் அலெக்சாண்டர், ராடரிக் என்றும், பெண்கள் ஃபுளோரா, மரியன் என்றும் தொடங்கினால், "அலெக்சாண்டருக்கும் மரியனுக்கும் பிறந்த டொனால்டு" என்று தேடலாம். வெறும் டொனால்டைத் தேடுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு அலெக்சாண்டர் இருந்தால் எழுத்துப் பிழை என்று அடித்துவிடாதீர்கள். முதல் குழந்தை இறந்து அடுத்ததற்கு அதே பெயர் வைத்திருக்கலாம். இரண்டு தாத்தாவும் அலெக்சாண்டராக இருந்து, இரண்டு பிள்ளைகளும் உயிரோடேகூட இருந்திருக்கலாம். இந்த வரிசை வழக்கம்தான், சட்டமில்லை. "எங்கள் வீட்டில் அப்படி இல்லையே" என்று வருபவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: யூகத்தை எழுப்ப இதைப் பயன்படுத்துங்கள், நிரூபிக்க அல்ல.

பெயர்களும் உருமாறும். வீட்டில் பேசியது மலைநாட்டு, தீவு மக்களின் மொழியான கேலிக், பதிவு எழுதியது ஆங்கிலம். டொனால்டு டேனியல் ஆவார், கில்லெஸ்பி ஆர்ச்சிபால்டு ஆவார், யூவன் ஹியூ ஆவார், பீட்டரும் பேட்ரிக்கும் ஒருவரே. ஜேனட்டை வீட்டில் ஜெஸ்ஸி என்பார்கள், யூஃபீமியா எஃபி ஆவாள். கிறிஸ்டியன் என்றால் பெண்! மெக் என்பதை மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள், ஒரு எம் போட்டு மேலே கோடு இழுத்துவிட்டுப் போவதும் உண்டு.

பாரிஷ் தெரிந்த பிறகு ஸ்காட்லாண்ட்ஸ்பீப்புள் தளத்துக்குப் போங்கள். அரசு ஆவணக் காப்பகம் நடத்துவது. பெயர்ப் பட்டியலைத் தேடக் காசில்லை, பதிவின் படத்தைத் திறக்க 6 கிரெடிட், ஒன்றரைப் பவுண்டு வாக்கில். போவதற்கு முன் இன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1855 ஜனவரி 1 முதல் அரசுப் பதிவு, அதற்கு முந்தியவை தேவாலயப் பதிவேடுகள். டொனால்டு 1793 வாக்கில் பிறந்தவர் என்று வைத்துக்கொண்டால், அவர் பெயர் அதில் இல்லாவிட்டால் அவர் பிறக்கவே இல்லை என்று அர்த்தமில்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது, ஏழைகள் பதியாமல் விட்டார்கள். சபை பிரிந்து போனவர்களின் ஞானஸ்நானம் பாரிஷ் ஏட்டில் ஏறாது. கத்தோலிக்கர் ஏடுகள் தனித் தொகுப்பு, அதே தளத்தில் வேறு பெட்டியில் தேட வேண்டும், நிறையப் பேர் அந்தப் பெட்டியைத் தொடுவதே இல்லை. தீவுகளில் ஏடுகள் தாமதமாகத் தொடங்கின, இடையில் பக்கங்கள் போயின. திருமணமும் அப்படியே, சாட்சி முன் சம்மதம் சொன்னாலே சட்டப்படி செல்லும் திருமணம் 1940 வரை இருந்த நாடு அது.

ஏட்டில் அவர் இல்லையென்றால் அவரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, போகாமல் அங்கேயே தங்கிய அண்ணன் தம்பி, அக்கா தங்கையைத் தேடுங்கள். 1855-க்குப் பிறகு இறந்த எவருடைய பதிவிலும் அப்பா பெயரோடு அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்கப்பட்டிருக்கும். டொனால்டு 1820-ல் கப்பலேறினாலும், அவர் தங்கை 1868-ல் தீவிலேயே இறந்திருந்தால் அவள் பதிவு அவருடைய பெற்றோரையும் சொல்லிவிடும். ஸ்காட்லாந்தில் மணமான பெண்ணின் இறப்பு பிறந்த வீட்டுப் பெயரிலும் புகுந்த வீட்டுப் பெயரிலும் பட்டியலிடப்படும், அதனால் மெக்டொனால்டு என்றே தேடலாம். தகவல் கொடுத்தவர் யார் என்று கீழே கையெழுத்தைப் பாருங்கள். மகன் சொன்னதற்கு மதிப்பு அதிகம், மருமகனுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ மாமியாரின் அம்மா பெயர் எங்கே தெரியும்?

பொருத்தமான ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் துள்ளாதீர்கள். அந்தக் குழந்தை உங்கள் ஆள் இல்லை என்று நிரூபிக்க முயலுங்கள். அதே பாரிஷில் 1841, 1851 கணக்கெடுப்பில் அதே வயது டொனால்டு மனைவி மக்களோடு உட்கார்ந்திருந்தால் ஆட்டம் முடிந்தது. 1841-ல் 15-க்கு மேற்பட்ட வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், 48 வயதுக்காரர் 45 என்றிருப்பார், அதை வைத்துத் தள்ளிவிடக் கூடாது. இப்படிக் கழித்துக் கழித்து ஒருவர் மட்டும் மிஞ்சினால்தான் பென்சிலால் எழுதலாம்.

டிஎன்ஏ எடுத்தால் போதுமே என்று கருத்தில் வரப்போகிறவர்களுக்கு: எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் தீவுகளில் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கல்யாணம். ஒரே ஆளோடு நாலு வழியில் சொந்தம் இருக்கும், தளம் காட்டும் நெருக்கம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். தாள் வேலை இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

இதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடும்பப் பெயரைச் சொன்னால் "உங்கள் குலச் சின்னம்" என்று கண்ணாடிச் சட்டகம் போட்டு விற்கிறார்களே, வாங்கிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் சின்னம் தனி நபருக்குரியது, குடும்பப் பெயருக்கு அல்ல. சின்னங்களைக் கவனிக்கும் லார்டு லயன் நீதிமன்றத்தின் 1672-ஆம் ஆண்டுப் பதிவேடு இன்றும் நடப்பில் இருக்கிறது. மெக்டொனால்டு என்ற பெயர் இருந்தால் தலைவனின் ரத்தம் என்பதும் கதைதான், நிலத்தில் இருந்தவர்கள் பலர் தலைவன் பெயரைத் தாங்களாகவே சூட்டிக்கொண்டார்கள். இணையத்தில் குடும்ப மரம் போடுபவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்து, ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் வரை ஏறிப் போயிருக்கிறார்கள், ஒரு பதிவு எண்கூட இல்லாமல்.

குடும்பம் எந்தச் சபை, பைபிள் அச்சான ஆண்டு என்ன, எட்டுப் பிள்ளைகள் எந்த வரிசையில் இருக்கிறார்கள், இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் கல்லில் இருந்தால் அதையும். எந்தத் தீவில் தொடங்கலாம் என்று அதன்பிறகு சொல்கிறேன்.