கேள்வி நேரம்: தசை கைவிட்டாலும் சர்க்கரை ஏறவில்லையே, எப்படி?

கேள்வி: அம்மா, சாப்பிட்ட பிறகு இன்சுலின் சொல்லித் தசைதான் பெரும்பங்கு சர்க்கரையை உள்ளே இழுக்கிறது என்று படிக்கிறோம். ஆனால் தசையில் மட்டும் இன்சுலின் ஏற்பியை (இன்சுலினின் சேதியை வாங்கும் புரதத்தை) நீக்கிய சுண்டெலிக்குச் சர்க்கரை நோய் வரவில்லை என்கிறார் எங்கள் பேராசிரியர். இது எப்படி? ஒரே திசுவில் மட்டும் மரபணுவை நீக்குவதுதான் எப்படி? - ஒரு முதுகலை மாணவி

பதில்: பேராசிரியர் சொன்னது சரி. ஆனால் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மரபணுச் சோதனைக்காகப் பல வருடம் எலிக்காது நறுக்கியவளுக்கு அதுதான் வாயில் வருகிறது.

உடம்பு முழுக்க இந்த ஏற்பி இல்லாத எலிகளை 1996-லேயே உருவாக்கினார்கள். குட்டிகள் பார்க்க நன்றாகத்தான் பிறந்தன. பால் குடிக்க ஆரம்பித்ததும் சர்க்கரை எகிறி, இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்து, சில நாட்களில் செத்துவிட்டன. எந்த உறுப்பால் வந்த வினை என்று கேட்க எலியே மிச்சமில்லை.

அப்புறம் வந்ததுதான் க்ரீ-லாக்ஸ்பி உத்தி. ஏற்பி மரபணுவின் நான்காம் எக்ஸானுக்கு (புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதிக்கு) இரு பக்கமும் லாக்ஸ்பி என்ற 34 எழுத்து டி.என்.ஏ. துண்டைச் செருகுவார்கள். இதனால் மட்டும் எலிக்கு ஒன்றும் ஆகாது. பாக்டீரியாவைத் தாக்கும் பி1 வைரஸின் க்ரீ நொதி வந்தால்தான் நடுவில் இருப்பது வெட்டுப்படும். ஒரு மரபணு எந்தத் திசுவில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் டி.என்.ஏ. பகுதியைச் சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்ரீயைத் தசையின் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியின் சுவிட்சில் மாட்டினால் தசையில் வெட்டு. கல்லீரல் செய்யும் ஆல்புமின் புரதத்தின் சுவிட்சில் மாட்டினால் கல்லீரலில்.

நான் சேர்ந்த புதிதில் காதுத் துணுக்கில் பி.சி.ஆர். (வேண்டிய டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) போட்டேன். ஜெல்லில் க்ரீ பட்டை இருக்கிறது, லாக்ஸ்பி பட்டையும் இருக்கிறது, ஆனால் மரபணு வெட்டுப்படாமல் முழுசாக நிற்கிறது! க்ரீ எலியையும் லாக்ஸ்பி எலியையும் இணைத்த கலப்பு கெட்டுவிட்டது என்று கூண்டையே காலி செய்யப் போனேன். எங்கள் கூடத்து மூத்த டெக்னீஷியன் சிரித்தார்: "காதுல எங்கம்மா தசை சுவிட்ச் ஓடும்? தொடையைப் பாரு." தொடைத் தசையில் பார்த்தால் வெட்டு அப்பட்டமாகத் தெரிந்தது.

இனி உங்கள் முதல் கேள்வி. அந்தத் தசை எலியை 1998-ல் பாஸ்டன் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் ரொனால்ட் கான் குழு உருவாக்கியது. இரத்தச் சர்க்கரையும் இன்சுலின் அளவும் இயல்பாகவே இருந்தன. ஆனால் கொழுப்பு கூடியது, இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் ஏறியது. தசை ஏற்காத சர்க்கரையில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவுக்குத் திசை மாறிப் போயிருந்தது. தவிர, ஓடியாடும்போது சுருங்கும் தசை இன்சுலினைக் கேட்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அந்த வழி இந்த எலிகளிடமும் அடைபடவில்லை. ஆக, பாடப்புத்தகம் பொய்யில்லை. ஒரு கதவை அடைத்தால் சர்க்கரை வேறு கதவு தேடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கல்லீரல் எலிகள் (2000) இதற்கு நேர்மாறு. இன்சுலின் வெள்ளமாகச் சுரந்தும் சர்க்கரை அடங்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சுவிட்சுகள் சில நேரம் ஒழுகும். கணையத்தின் பீட்டா செல்களுக்கென்று அதிகம் பயன்பட்ட இன்சுலின் சுவிட்ச் மூளையின் ஹைப்போதாலமஸிலும் க்ரீயை ஓட்டிவிட்டது. அதனால் கட்டுரை படிக்கும்போது முடிவுக்குத் தாவாதீர்கள். க்ரீ மட்டும் உள்ள எலிகளையும் லாக்ஸ்பி மட்டும் உள்ள எலிகளையும் தனித்தனியாக ஒப்பிட்டார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் நான் பென்சிலை எடுத்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிடுவேன்.