தினமும் தண்ணீர் ஊற்றியும் மாடித் தோட்டத் தக்காளி வாடுகிறது. பருவநிலை மாற்றமா, என் தவறா?

"மண்ணும் ஈரமாகத்தான் இருக்கிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்களும் வாடகை வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பை வைத்திருப்பவர், செடி தலை சாய்ந்தால் உடனே தண்ணீர் மக்கோடு ஓடுபவர் என்று வைத்துக்கொள்கிறேன். நான் விவசாயம் படித்தவன் இல்லை, ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவன். படித்தவர்கள் திருத்தலாம், திட்ட வேண்டாம்.

நான் இருப்பது பெங்களூரு ராமமூர்த்தி நகர். 2024 கோடையை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்தின வருட மழை பொய்த்து, தெருவில் பாதி போர்வெல் காற்றைக் கக்கியது. காவிரித் தண்ணீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று மார்ச்சில் குடிநீர் வாரியம் அறிவித்தது. ஏப்ரலில் மழையே இல்லை. என் பதினான்கு தக்காளிப் பைகளும் அரிசி கழுவின தண்ணீரில்தான் உயிர் பிழைத்தன.

மத்தியானம் இலை துவளும், சாயங்காலம் தானாக நிமிரும். மண் காயக் காய, செடி அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரந்து இலைத்துளைகளைச் சாத்திக்கொள்ளும். தண்ணீர் மிச்சமாகும். ஆனால் கார்பன் டை ஆக்சைடும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அதனால் வளர்ச்சி படுத்துவிடும். "காற்றில் கார்பன் கூடினால் செடிக்கு நல்லதுதானே" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: ஈரம் இருக்கிற மண்ணில் ஓரளவு உண்மைதான், வாசலைச் சாத்திக்கொண்ட செடிக்கு அதனால் என்ன லாபம்?

காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் வேகமாக உறிஞ்சும், பெய்தால் மொத்தமாகக் கொட்டும். வருட மழை அளவு சரியாகவே இருக்கலாம். மார்ச் 31 அன்று டேலி ஆகிற கணக்கு மாதிரி, நடுவில் இரண்டு மாதம் சம்பளம் போடக் காசில்லாமல் தவித்தது அதில் தெரியாது.

ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை, 111 மில்லிமீட்டர் கொட்டியது. ஜூனில் ஒரே நாளில் பெய்த மழைக்கான 133 வருட ரெக்கார்டை அது உடைத்துவிட்டது என்றார்கள். (ஒரு மழையை வைத்துப் பருவநிலை மாற்றம் என்று சொல்லிவிட முடியாது, தெரியும்.) மூன்றாம் நாள் எல்லாச் செடியும் தொங்கிப்போயிற்று. இரண்டு மாதப் பழக்கம், நான் மக்கை எடுத்து மேலும் ஊற்றினேன்.

அந்த வாரக் கடைசியில் தர்மபுரியிலிருந்து அம்மா வந்தார். பையில் கைவிட்டு ஒரு செடியைப் பிடுங்கினார். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர், வடிகட்டிய டீத்தூள் நிறத்தில் இருந்தது. விரலால் உருவினால் தோல் கழன்று வந்து, நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் மிச்சம். சாக்கடை நாற்றம்.

"வேரு மூச்சு முட்டிச் செத்திருக்குடா. செத்ததுக்கு எதுக்குப் பால் ஊத்திட்டிருக்க?"

மண் இடுக்கில் இருக்கிற காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளிவிட்டால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அது கிடைக்காத வேர் தண்ணீரை இழுக்காது. ஆகவே ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். மேலே இருந்து பார்த்தால் வறட்சி வாட்டமும் இதுவும் ஒன்றேபோல இருக்கும். பையின் அடித்துளைகளை, மண்ணோடு கலந்திருந்த தேங்காய் நார்க்கழிவு அடைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிழைத்த நான்கு செடிகளில் பாதிக் காய் வெடித்தது, பாதி அடிப்பக்கம் கறுத்தது. நர்சரியில் பூச்சி மருந்து கொடுத்து 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பூச்சியே கிடையாது. கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்குப் போகும், மண் ஈரம் ஏறி இறங்கினால் போதுமான அளவு போய்ச் சேராது, அடி கறுக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மாத அட்வான்ஸ் வாங்கிய ஓனர், நான் காலி செய்தபோது, கீழ்வீட்டு சீலிங் கசிவுக்கு என் பைகள்தான் காரணம் என்று 18,000 பிடித்துக்கொண்டார். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை தனி. மொட்டைமாடித் தளத்தை எந்த வருடம் பூசினீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் வயிறு எரிகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். மத்தியானம் வாடி சாயங்காலம் நிமிர்ந்தால் பதற வேண்டாம். காலையிலேயே வாடியிருந்து மண்ணும் நசநசவென்று இருந்தால் ஊற்றாதீர்கள், அடித்துளையைக் கம்பியால் குத்தி வடிய விடுங்கள். தேங்காய் நார்க்கழிவு முழுக்கக் காய்ந்துவிட்டால் சில சமயம் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு ஊற்ற வேண்டும்.

புது வீட்டில் ஒவ்வொரு பைக்கும் கீழே இரண்டு செங்கல் வைத்திருக்கிறேன். புது ஓனர் இப்போதே அடிக்கடி மாடிக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.