டெக்ஸ்ட் எடிட்டரின் சி மேக்ரோக்கள் லினக்ஸில் ஓடுகின்றன, விண்டோஸிலும் மேக்கிலும் தகராறு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இஃப்டெஃப் போட்டுவிடலாமா?

இன்ன பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் இந்த வரிகளைக் கம்பைல் செய் என்பதுதான் இஃப்டெஃப். போடலாம். ஆனால் கொஞ்ச நாளில் அந்த ஹெடர் ஃபைலைத் திறக்கவே பயப்படுவீர்கள். நான் பார்த்தவரை இத்தகைய மேக்ரோக்களில் பாதிக்கு மேல் எழுதும்போதே தப்பானவை. லினக்ஸ் கண்டுகொள்ளாமல் விட்டது, அவ்வளவுதான்.

எடிட்டர் என்றால் முதலில் எழுத்தைச் சோதிக்கும் மேக்ரோக்களைப் பாருங்கள். பஃபரிலிருந்து ஒரு சாரை (ஒரு பைட்டை) எடுத்து, 'இது எழுத்தா' என்று சொல்லும் இஸ்ஆல்ஃபா ஃபங்ஷனிடம் அப்படியே கொடுப்பவை. யூடிஎஃப்-8இல் 'க' மூன்று பைட். முதல் பைட் 224. இன்டெல் மெஷின்களில் சார் வழக்கமாக சைன்டு (மைனஸ் எண்ணும் வைப்பது) என்பதால் அந்த 224, மைனஸ் 32 ஆகிவிடும். இஸ்ஆல்ஃபா ஏற்பது 0 முதல் 255 வரையும் ஃபைல் முடிந்ததைச் சொல்லும் ஈஓஎஃப்பும் மட்டுமே. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் அட்டவணை மைனஸ் 128இலிருந்தே தொடங்குவதால் அங்கே சத்தமில்லை. மைக்ரோசாஃப்டின் கம்பைலரான விஷுவல் சியின் டீபக் பில்டோ அசர்ட் பிழை காட்டி நின்றுவிடும். ஏஆர்எம் லினக்ஸில் சார் அன்சைன்டு, அங்கே இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. மேக்ரோவுக்குள் அன்சைன்டு சாராக காஸ்ட் செய்தால் போதும், இஃப்டெஃப் எதற்கு? (அதன் பிறகும் 224 ஒரு முழு எழுத்தல்ல, துண்டுதான். அது தனிப் பஞ்சாயத்து.)

அடுத்தது இரண்டில் பெரியதைத் தரும் மேக்ஸ் மேக்ரோ. மேக்ஸ்(அ++, ஆ) என்று அழைத்தால், மேக்ரோ அ++ஐ இரண்டு இடத்தில் அப்படியே ஒட்டுவதால் அ இரண்டு முறை கூடக்கூடும். இதற்கு ஜிசிசி கம்பைலரின் ஸ்டேட்மென்ட் எக்ஸ்பிரஷனை (ஒரு பிளாக்கையே மதிப்பாக்கும் கூடுதல் வசதி) வைத்து வைத்தியம் பார்ப்பார்கள். விஷுவல் சி அதை ஏற்காது. போதாக்குறைக்கு விண்டோஸ் ஹெடரே மின், மேக்ஸ் என்ற பெயர்களில் மேக்ரோ வைத்திருக்கிறது. வேறு பெயரில் ஸ்டாடிக் இன்லைன் ஃபங்ஷனாக எழுதிவிடுங்கள். டைப் சோதனை கிடைக்கும், டீபக்கரில் உள்ளே நுழையவும் முடியும். ஈமாக்ஸ் எடிட்டரிலும் பழைய மேக்ரோக்கள் பல இன்லைன் ஃபங்ஷன்களாகிவிட்டன. வரி எண், அரே அளவு போன்றவற்றுக்கு மட்டும் மேக்ரோ இருக்கட்டும்.

இயங்குதளத்தைக் கேட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட யுனிக்ஸ் மேக்ரோவை நம்பாதீர்கள், மேக் கம்பைலர் அதை வரையறுப்பதில்லை. அடிக்கோடில்லாத லினக்ஸ் மேக்ரோவோ ஜிசிசிக்கு சி99 ஸ்டாண்டர்ட் கொடுத்தால் காணாமல் போகும். இந்தக் கேள்விகளையெல்லாம் ஒரே ஹெடரில் கேட்டு, 'ஃபோர்க் (புராசஸை நகலெடுக்கும் அழைப்பு) உண்டா' என்பதுபோல வசதியின் பெயரில் 0 அல்லது 1 என வரையறுங்கள். மற்ற ஃபைல்களில் வெறும் இஃப். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் இஃப் அதை 0 என்றே எடுத்துக்கொள்ளும். ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டிலும் டபிள்யூ-அன்டெஃப் எச்சரிக்கையை இயக்கினால் மாட்டிக்கொள்ளும்.

அப்படியும் புரியாத மேக்ரோவை விரித்தே பார்த்துவிடுங்கள்: ஜிசிசி, கிளாங் என்றால் மைனஸ் ஈ, விஷுவல் சி என்றால் ஸ்லாஷ் பி. வெளியீடு நீளமாக வரும். உங்கள் ஃபங்ஷன் பெயரைத் தேடி நேராக அங்கே போங்கள்.