காசு குடுத்து வாங்கின நாடு

கேள்வி: சார், ஒரு க்விஸ்ல லீக்டன்ஸ்டைன்னு ஒரு பேரு வந்துச்சு. ஏதோ மருந்து கம்பெனின்னு நெனச்சேன். நெஜமாவே தனி நாடா?

பதில்: தனி நாடேதாங்க, 1990-ல ஐ.நா.லயே சேந்தாச்சு. சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவுல ரைன் ஆத்தங்கரையில இருக்கு, மொத்தமே 160 சதுர கிலோமீட்டர், ஜனம் 40 ஆயிரத்த ஒட்டி, தலைநகர் வாடூஸ். என்ன, பாதி சாமான் இரவல். செலவழிக்கிறது சுவிஸ் பிராங்க், உள்ள ஓடுற ரயிலு ஆஸ்திரியாக்காரனோடது, தேசிய கீதத்துக்கு இங்கிலாந்து கீதத்தோட அதே மெட்டு. 2003-ல இந்த ரெண்டு நாடும் ஃபுட்பால் ஆடினப்போ ஒரே ட்யூன் ரெண்டு தடவ ஓடிச்சு. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல போய் நின்னா ஹைட்டி நாட்டுக் கொடியும் இவங்க கொடியும் ஒரே மாதிரி இருக்கு, அப்புறம்தான் மறு வருஷம் மூலையில ஒரு கிரீடத்த சேத்துக்கிட்டாங்க.

கேள்வி: பேரு ஏன் வாயில நுழைய மாட்டேங்குது?

பதில்: அது ஊர் பேரே இல்ல, ராஜா வீட்டு குடும்பப் பேரு. கதை சுவாரஸ்யமானது. வியன்னாவுல இருந்த பெரிய பணக்காரக் குடும்பம் இது, நெலபுலத்துக்குக் கொறச்சல் இல்ல, ஆனா எல்லாமே வேற பிரபுக்களுக்குக் கீழ இருந்த நெலம். அப்போ அந்தப் பக்கத்த ஆண்ட புனித ரோமப் பேரரசரோட சபையில சீட்டு வேணும்னா நேரா பேரரசருக்குக் கீழ வர்ற நெலம் கையில இருக்கணும். அதனால 1699-ல ஷெல்லன்பெர்க்க வாங்கினாங்க, 1712-ல வாடூஸ வாங்கினாங்க, 1719-ல பேரரசர் ரெண்டையும் சேத்து இவங்க பேர்லயே ஒரு சமஸ்தானம் ஆக்கிட்டாரு. சீட்டு கெடச்சுதா, அத்தோட சரி, வாங்கின எடத்த யாரும் வந்து பாக்கல! பட்டத்துல இருந்த ஒரு இளவரசர் (அங்க ராஜாவுக்குப் பட்டமே அதுதான்) மொதல் தடவையா எட்டிப் பாத்ததே 1842-ல. அங்கயே குடியேறினது 1938-ல, ரெண்டாம் ஃபிரான்ஸ் யோசப் காலத்துல. மனை வாங்கிப் போட்டுட்டு வேலி கட்டக்கூட போகாத ஆளுங்க நம்ம சொந்தத்துலயும் உண்டுதானே.

கேள்வி: ராணுவம் எவ்ளோ பெருசு?

பதில்: கெடையாது. 1868-லயே செலவு தாங்கலன்னு கலைச்சுட்டாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கடைசியா ஒரு போருக்கு 80 பேர் போனாங்க, சண்டையே போடாம 81 பேரா திரும்பினாங்க, வழியில ஒருத்தர் ஃபிரெண்டாயி கூடவே வந்துட்டாருன்னு இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. 2007 மார்ச்ல ஒரு ராத்திரி சுவிஸ் சிப்பாய்ங்க சுமார் 170 பேர் பயிற்சியில வழி தவறி, எல்லையத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல உள்ள வந்துட்டாங்க. லீக்டன்ஸ்டைன்ல ஒருத்தருக்கும் தெரியல, சுவிஸ்காரங்களே ஃபோன் போட்டு மன்னிப்பு கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது.

கேள்வி: இவ்ளோ பணக்கார நாடு, ராஜா சும்மா பேருக்குத்தான் இருப்பாரு?

பதில்: அங்கதான் ஏமாந்துடுவோம். பார்லிமென்ட் போட்ட சட்டத்த அவரு தடுக்கலாம். 2012-ல அந்த அதிகாரத்தக் கொறைக்கலாமான்னு ஓட்டெடுப்பு வச்சப்போ நூத்துக்கு 76 பேர் வேணாம்னுட்டாங்க. பொம்பளைங்களுக்கு ஓட்டு கெடச்சது எப்பன்னு நெனைக்கிறீங்க, 1984! அதையும் ஆம்பளைங்க மட்டும் ஓட்டு போட்டுதான் முடிவு பண்ணாங்க, அதுலயும் மயிரிழையிலதான் ஜெயிச்சுது. எனக்கு அந்த நாட்டப் பத்தி இருக்குற ஒரே மனத்தாங்கல் இதுதான். காசு எங்கருந்து வருதுன்னா பேங்க்கு மட்டும் இல்ல, ஷான்ங்கிற ஊர்லதான் ஹில்டி டிரில்லிங் மெஷின் கம்பெனி இருக்கு, பொய்ப்பல் செய்யற ஒரு பெரிய கம்பெனியும் அதே ஊர்தான்.

கேள்வி: போய்ப் பாக்கணும்னா?

பதில்: ஏர்போர்ட் இல்ல. ஜூரிக்ல எறங்கி ரயில்ல சார்கன்ஸ், அங்கருந்து பஸ். ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசா போதும். எல்லையில நிறுத்த மாட்டாங்க, ஆத்துப் பாலம் தாண்டினா வந்தாச்சு. ஆகஸ்ட் 15 அவங்க தேசிய நாள், அன்னிக்குப் போனா கோட்டைப் பக்கத்துப் புல்வெளியில இளவரசர் வீட்டுக்காரங்க ஜனங்களோட கலந்து நிப்பாங்க. பாஸ்போர்ட்ல முத்திரை வேணும்னா வாடூஸ் டூரிஸ்ட் ஆபீஸ்ல சில பிராங்க் வாங்கிக்கிட்டு குத்தித் தருவாங்க.