அதிரடிப் படத்தின் டிஸ்க் வாங்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (செந்தூல்): இங்கிலாந்துக் கடை ஒன்றிலிருந்து ஓர் அதிரடிப் படத்தின் 4கே பெட்டியை வரவழைத்தேன். உள்ளே இரண்டு டிஸ்க். 4கே நன்றாக ஓடுகிறது. படப்பிடிப்புக் காட்சிகள், பேட்டிகள் எல்லாம் இருக்கும் சாதாரண புளூரேயைப் போட்டால் "இந்த வட்டாரத்தில் ஓடாது" என்று திரையில் வருகிறது. பிளேயர் கோலாலம்பூரில் வாங்கியது. டிஸ்க் கெட்டுப்போனதா?

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. சாதாரண புளூரேவுக்கு மூன்று வட்டாரங்கள் உண்டு. மலேசியா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா ஆகியவை 'ஏ'. இங்கிலாந்து, ஐரோப்பா, ஆஸ்திரேலியா 'பி'. இந்தியாவும் சீனாவும் 'சி'. இங்கே விற்கும் பிளேயர் 'ஏ'யை மட்டும்தான் திறக்கும். 4கே டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு போடுவதில்லை. அதனால்தான் ஒரே பெட்டியில் ஒன்று ஓடி இன்னொன்று நிற்கிறது.

அட்டையின் பின்பக்கத்தில் அறுகோணத்துக்குள் ஓர் எழுத்து இருக்கும். ஏ, பி, சி மூன்றும் இருந்தால் எங்கும் ஓடும். பாரமவுண்ட், யுனிவர்சல், வார்னர் ஆகியவற்றின் டிஸ்க்குகள் பெரும்பாலும் பூட்டில்லாமல் வருகின்றன. ஆனால் அதே படத்தின் உரிமையை ஐரோப்பாவில் வேறொரு நிறுவனம் வாங்கியிருந்தால் கதை மாறிவிடும். எனவே எந்த ஸ்டுடியோ என்று மட்டும் பார்க்காமல், அந்தப் பதிப்பின் பின்னட்டைப் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கூடுதல் காட்சிகள் 4கே டிஸ்க்கிலேயே இருக்கின்றனவா, புளூரேயில் மட்டுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

டிவிடியின் கணக்கு வேறு: மலேசியா 3, அமெரிக்கா 1, இங்கிலாந்து 2, இந்தியா 5. கணினியிலுள்ள டிவிடி டிரைவில் வட்டாரத்தை 5 முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்தோடு அது அப்படியே நின்றுவிடும். 'எல்லா வட்டாரமும் ஓடும்' என்று திருத்தி விற்கும் பிளேயர்களுக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் பெரும்பாலும் கிடைக்காது. பெட்டி பெட்டியாக ஐரோப்பியப் பதிப்புகள் சேர்ப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செலவு தகும்.

கேள்வி (பட்டர்வொர்த்): சோனியின் விளையாட்டுக் கருவியான பிஎஸ்4 புரோ (பிளேஸ்டேஷன் 4 புரோ) 4கே என்றுதானே சொன்னார்கள்? 4கே டிஸ்க்கை ஏன் எடுக்க மறுக்கிறது?

பதில்: அதிலுள்ள டிரைவ் சாதாரண புளூரே வரைதான் படிக்கும். டிரைவ் உள்ள பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், சீரிஸ் எக்ஸ் ஆகியவை 4கே டிஸ்க்கைப் படிக்கும். பிஎஸ்5 ஸ்லிம், புரோ இரண்டுக்கும் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டும்போது முதல் முறை இணைய இணைப்பு தேவை. இன்னொன்று: பிஎஸ்5இல் டால்பி விஷன் (காட்சிக்குக் காட்சி ஒளியையும் நிறத்தையும் சரிசெய்யும் முறை) கிடையாது, பொதுவான எச்டிஆர்10தான் வரும். சாம்சங் தொலைக்காட்சிகளிலும் டால்பி விஷன் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் அதற்கென்று விலை அதிகமான பிளேயர் வாங்குவது வீண்.

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு): அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருவது போன்ற டால்பி ஒலிமுறை) சவுண்ட்பார் வாங்கினேன். நெட்பிளிக்ஸில் படம் போட்டால் 'அட்மாஸ்' விளக்கு எரிகிறது. டிஸ்க்கில் அட்மாஸ் என்று அச்சடித்திருந்தும் எரிவதில்லை. கடைக்காரர் டிஸ்க்கைக் குறை சொல்கிறார்.

பதில்: பெரும்பாலும் குறை இணைப்பில்தான் இருக்கும். நெட்பிளிக்ஸ் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸ் வழியாகச் சுருக்கி அனுப்புகிறது; அது தொலைக்காட்சியிலிருந்து சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐ வயரில் ஒலியை அனுப்பும் பழைய ஏஆர்சி வழியாகவும் போகும். டிஸ்க்கில் அட்மாஸ் ட்ரூஎச்டி என்னும் தரம் குறையாத வடிவில் இருக்கிறது. அதன் அளவு பெரிது, ஏஆர்சிக்குள் அடங்காது. ஒன்று, தொலைக்காட்சி, சவுண்ட்பார் இரண்டிலும் ஏஆர்சியின் புதிய வடிவமான இஏஆர்சி இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளேயரின் வயரை நேரே சவுண்ட்பாரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டில் செருகி, அங்கிருந்து தொலைக்காட்சிக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவது வழிதான் நம்பகமானது. சவுண்ட்பார் வாங்கும்போது 'எச்டிஎம்ஐ இன்' துளை இருக்கிறதா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து பிளேயரின் மெனு. ஒலி வெளியீடு 'பிசிஎம்' என்று இருந்தால் 'பிட்ஸ்ட்ரீம்' ஆக்குங்கள். 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் பிளேயர் மெனுச் சத்தத்தையும் சேர்த்துக் கலக்க முயன்று அட்மாஸைக் கைவிட்டுவிடும். பலருடைய வீட்டில் மாதக்கணக்கில் இந்த ஒரு வரிதான் சத்தத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். படம் தொடங்கிய பிறகு, மொழிப் பட்டியலில் அட்மாஸ் தடமே தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படம் அவ்வப்போது கறுத்துப் போனால் வயரை மாற்றுங்கள். துளை எச்டிசிபி 2.2 (நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு முறை) ஏற்கிறதா என்று பாருங்கள். தொலைக்காட்சியில் அந்தத் துளைக்குரிய அமைப்பையும் திறக்க வேண்டும்: சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்ட் ஃபார்மட்'.

கேள்வி (காஜாங்): படம் பாதிக்கு மேல் போனதும் அதே இடத்தில் உறைந்து நிற்கிறது. புது டிஸ்க்.

பதில்: நீளமான அதிரடிப் படங்கள் மூன்று அடுக்குள்ள 100 ஜிபி டிஸ்க்கில் வருவதுண்டு. அடுக்கு மாறும் இடத்தில் ஒரு கைரேகைகூடத் தடையாகும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிளேயரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிறகும் அதே நொடியில் நின்றால், இன்னொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கும் நின்றால் டிஸ்க் பழுது. நேரக் கணக்கு தெரியும்படி காணொளி எடுத்து மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி (சுங்கை பூலோ): ஹாலிவுட் படத்தைத் தமிழ் ஒலியில் பார்க்க எந்த டிஸ்க் வாங்கலாம்?

பதில்: அமெரிக்க, இங்கிலாந்துப் பதிப்புகளில் தமிழ் இருக்கும் என்று நம்ப வேண்டாம். இந்தியச் சந்தைக்கு வந்த சில பதிப்புகளில் உண்டு; அவற்றுக்கு 'சி' வட்டாரச் சிக்கல் வரலாம். ஆங்கிலத் தடம் முழுத் தரத்திலும் தமிழ்த் தடம் சுருக்கப்பட்ட 5.1இலும் இருப்பது வழக்கம். தமிழ் மட்டும்தான் தேவை என்றால் ஓடிடியில் தேடுவது மலிவு.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): ஒரு படத்தின் வசூல் போஸ்டரில் 500 கோடி. இன்னொருவர் 400 கோடிதான் என்கிறார். எங்கள் ரசிகர் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. யார் சொல்வது சரி?

பதில்: இரு தரப்பும் வெவ்வேறு கணக்கைப் பேசுவதாக இருக்கலாம். வட இந்திய மல்டிபிளெக்ஸில் 236 ரூபாய் டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது கிராஸ். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. 36 ரூபாய் போனால் மிச்சம் 200, அது நெட். இந்திப் படங்களுக்கு வழக்கத்திலுள்ள பங்கின்படி முதல் வாரம் விநியோகஸ்தருக்கு அதில் 50 விழுக்காடு, இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதன் பிறகு 30. அது ஷேர். முதல் வார ரசிகர் தந்த 236 ரூபாயில் 100 ரூபாய் விநியோகஸ்தருக்குப் போகிறது. நான்காம் வாரத்தில் அதே டிக்கெட்டில் 60 ரூபாய்தான். முதல் வார வசூலுக்காக அத்தனை ஆரவாரம் செய்வதன் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் பங்கு படத்துக்குப் படம் பேசி முடிவாகும். உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் தனியாக உண்டு.

குழப்பம் கூடுவது வெளிநாட்டுக் கணக்கில். மலேசிய வசூல் வெள்ளியில் (ரிங்கிட்) வரும். அதை டாலராக்கி, பிறகு ரூபாயாக்குவார்கள். வெளிநாட்டுத் தொகை பெரும்பாலும் கிராஸாகத்தான் சொல்லப்படும். இந்திய நெட்டோடு வெளிநாட்டு கிராஸைக் கூட்டிப் போடும் பட்டியல்கள் நிறைய. அந்தக் கூட்டுத்தொகைக்கு அர்த்தமே இல்லை. அடுத்த முறை விவாதம் தொடங்கும்போது, "கிராஸா, நெட்டா, ஷேரா?" என்று முதலில் கேளுங்கள்.

இங்கே படம் எப்படிப் போகிறது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரே திரையரங்கில் முதல் சனிக்கிழமை எத்தனை காட்சிகள், இரண்டாம் சனிக்கிழமை எத்தனை என்று செயலியில் எண்ணிப் பாருங்கள். 12 காட்சிகள் 9 ஆனால் படம் தாக்குப்பிடிக்கிறது. 3 ஆனால் எந்தப் போஸ்டரும் அதைக் காப்பாற்றாது.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): தியேட்டரில் வசூலை அள்ளிய படம். டிஸ்க் எத்தனை மாதத்தில் வரும்?

பதில்: 'டாப் கன்: மேவரிக்' ஒரு நல்ல அளவுகோல். 2022 மே 27 அன்று அமெரிக்காவில் வெளியானது. உலக அளவில் சுமார் 149 கோடி டாலர் கிராஸ். இணையத்தில் விலைக்கு வாங்க ஆகஸ்டு 23, டிஸ்க் நவம்பர் 1, சந்தா ஓடிடி டிசம்பர் 22. நன்றாக ஓடும் படத்தை அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தமிழ்ப் படங்களின் நிலை வேறு. நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வருவது வழக்கமாகிவிட்டது. இந்திப் பதிப்பு ஓடிடிக்குப் போக எட்டு வார இடைவெளி கேட்கும் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் 2023இல் 'லியோ'வின் இந்திப் பதிப்பைத் திரையிடவே இல்லை. தமிழ்ப் படங்களின் டிஸ்க்கோ இப்போது அரிது, வந்தால் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (கிள்ளான்): இணையச் சந்தையில் ஐந்து படங்கள் கொண்ட '4கே' பெட்டி 45 வெள்ளி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு அசல் 4கே ஐந்து கிடைக்காது. அசல் டிஸ்க்கின் உள்வளையத்தில் 'ஐஎஃப்பிஐ' என்று தொடங்கும் நுண்ணிய குறியீடு பொறித்திருக்கும். மேல்பக்க அச்சு இங்க்ஜெட் மாதிரி மங்கலாகவோ ஒட்டும் தாளாகவோ இருந்தால் வீட்டில் பதிவுசெய்த நகல். உள்நாட்டில் விற்கும் அசலில் உள்நாட்டு வாணிப அமைச்சின் ஹோலோகிராம் முத்திரை இருக்க வேண்டும். ஷாப்பியில் வாங்கியிருந்தால், டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கும் வரை 'பொருள் கிடைத்தது' பொத்தானைத் தொடாதீர்கள். ஆனால் ஷாப்பியின் கெடு முடிந்துவிட்டால் பொத்தானைத் தொடாமலே பணம் விற்பவர் கைக்குப் போய்விடும்; அதற்குள் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதைக் காணொளி எடுங்கள்.

வெளிநாட்டு அசலுக்கு விலை கணக்கிடும்போது வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 1 முதல், பதிவு பெற்ற வெளிநாட்டு விற்பனையாளரிடம் 500 வெள்ளி வரையிலான பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. 130 வெள்ளி டிஸ்க் 143 ஆகும். அஞ்சல் செலவு வேறு.

கேள்வி (தாமான் துன்): கடையில் வாங்கிய ஸ்டீல்புக்கில் (தகரப் பெட்டியில் வரும் பதிப்பு) டிஸ்க் ஓடவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகையைக் காட்டுகிறார்கள்.

பதில்: பழுதான பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையைக் கடைக்காரர் எழுதிவைத்து நீக்க முடியாது. முதலில் எழுத்து மூலம் மாற்றிக் கேளுங்கள், வாட்ஸ்அப்பும் போதும். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் போரம் 1 நிரப்பி, 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கை, 3 ஆண்டுக்குள், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும் ஓடாத டிஸ்க்கின் காணொளியையும் கைவசம் வைத்திருங்கள். பினாங்கில் இருப்பவர்கள் மனு எழுதும் முன் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம். தகரப் பெட்டியின் நெளிவுக்கு மட்டும் புகார் என்றால், கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குவதுதான் வழி. வீட்டுக்குப் போன பிறகு யார் நெளித்தது என்று நிரூபிப்பது கடினம்.